செக்ரட்டரியின் கால்விரல்கள்

ஜூன் மாதத்தில், அதுவும் மயிலாப்பூரில், வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஒருவர் நடமாடி ஜலஜா பார்த்ததில்லை. அந்த ஒருவர் தன் கணவராகவே இருந்தபோது சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

முதல் நாள் கேட்டதற்கு, "கொசு பிடுங்கறது" என்றார் சுப்பராமன். மறுநாள், "தரை சில்லுனு இருக்கு" என்றார். வெளியே வெயில் நூற்று நாலு டிகிரி. மொசைக் தரையில் வெறும் காலை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. மூன்றாம் நாள் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜலஜா சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவள். பரீட்சை ஹாலில் எந்தப் பெண் துண்டுச்சீட்டை ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதைக் கழுத்து திரும்பும் விதத்திலேயே சொல்லிவிடுவாள். இப்போது ஒரு வாரமாக அவருடைய கழுத்து அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தது. குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வந்ததும் ஈரக் காலிலேயே சாக்ஸ். கொடியில் துணி உலர்த்தும்போது தன் சாக்ஸை மட்டும் தானே தோய்த்துத் தானே மூலையில் போட்டார். கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் தன் கைக்குட்டையைக் கூடத் தோய்த்ததில்லை.

அது இரண்டாயிரத்து இருபதாம் வருஷம். ஊரடங்கு போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர்கள் குடியிருந்த எட்டு வீட்டுக் கட்டடத்துக்குச் சுப்பராமன்தான் செக்ரட்டரி. வங்கியில் ஆடிட்டராக இருந்தவர். சட்டம் போடுவது அவருக்குக் கைவந்த கலை. வேலைக்காரிகள் வரக்கூடாது, கூரியர்காரன் கேட்டைத் தாண்டக்கூடாது, லிஃப்டில் ஒருவர்தான் போக வேண்டும் என்று தினம் ஒரு உத்தரவு கட்டடத்தின் வாட்ஸாப் குழுவில் வந்து விழும். எட்டு வீடும் கட்டைவிரலை உயர்த்தும்.

இவ்வளவு காபந்து பண்ணியும் மே மாதக் கடைசியில் கட்டடத்துக்குள் நோய் வந்துவிட்டது. கீழ்த்தளத்தில் குடியிருந்த பீர் முஹம்மதுவுக்குத்தான் முதலில் காய்ச்சல் கண்டது. அவர் மருந்துக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவர். கையில் பாஸ் இருந்ததால் கட்டடத்தில் தினமும் வெளியே போய்வந்த ஒரே ஆள். இருபத்தெட்டாம் தேதி ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து, காய்ச்சலே இல்லாத அவர் மகள் தூபாவுக்கும் பாஸிடிவ் என்று வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். பத்து நாளைக்கு ஏதோ ஒரு கல்லூரி வகுப்பறையில் கட்டில் போட்டிருந்த மையத்தில் அவளைக் கொண்டு வைத்தார்கள். யாரும் வெளியே வராதபடி மாநகராட்சி ஆட்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். தகரத்துக்குப் பின்னால் அவர் மனைவி குல்சும் தனியாக இருந்தாள்.

அன்று சாயங்காலம் சுப்பராமன் குழுவில் எழுதினார்: "கிரவுண்ட் ஃப்ளோர் தயவில் நம் பில்டிங்குக்கும் வந்துவிட்டது. தினமும் வெளியே போய் வருகிறவர்கள் கொஞ்சம் பொறுப்போடு நடந்துகொண்டிருக்கலாம்." அதற்கும் கட்டைவிரல்கள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று ஜலஜாவுடையது.

பீர் முஹம்மது பதினோரு நாள் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டு கிடந்து திரும்பி வந்தார். தகரத்தைப் பிரித்தார்கள். அதற்கு நாலு நாள் கழித்துத்தான் இந்தச் சாக்ஸ் விவகாரம் ஆரம்பித்தது.

சர்க்கரை வியாதிக்காரர்கள் காலில் புண் வந்தால் மறைப்பார்கள் என்று ஜலஜா கேள்விப்பட்டிருந்தாள். சுப்பராமனுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. அதுவாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை செய்தித்தாளில் உள்பக்கம் ஒன்றில் கால் பக்கத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. பிளேடால் நறுவிசாக வெட்டியிருந்தது.

"இதுல என்ன இருந்தது?"

"மியூச்சுவல் ஃபண்டு."

அது உலகச் செய்திகள் பக்கம். ஜலஜா கீழே இறங்கிப் போய் வாட்ச்மேன் முருகையனிடம் கேட்டாள்.

"பேப்பரா மாமி? மூணாவது மாடி சார் பட்ச்சிட்டு இங்கதான் போட்டாரு. தோ கீது, எட்த்துக்கோங்க. இன்னா விசயம், எதுனா லாக்டவுன் நியூஸா?"

"ஒண்ணுமில்லேப்பா. கோலம் ஒண்ணு போட்டிருந்தா" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டு வளைவிலேயே நின்று பிரித்தாள். வெட்டின இடத்தில் ஒரு படம் இருந்தது. வெள்ளைக்காரப் பையன் ஒருவனின் பாதம். கால்விரல்கள் சிவந்து, நுனியில் ஊதா படர்ந்து வீங்கியிருந்தன. கொரோனா வந்தவர்கள் சிலருக்குத் தோலிலும் அடையாளம் தெரிகிறது. சிலருக்குத் தடிப்பு, சிலருக்குச் சின்னம்மை மாதிரிக் கொப்புளம், சிலருக்கு இப்படிக் கால்விரல் நிறம் மாறுகிறது என்று எழுதியிருந்தது. கைப்பிடிச் சுவரைத் தொட்ட ஜலஜா, தொட்டதை நினைத்துக் கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் கண்ணயர்ந்தார். குறட்டை சீராக வரும்வரை காத்திருந்து, வலது கால் சாக்ஸின் முனையைப் பிடித்து மெதுவாக உருவினாள்.

நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி இருந்தது. மூன்று விரல்கள் முழுக்க. கட்டைவிரலில் ஓரமாக ஒரு திட்டு. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது.

சுப்பராமன் விழித்துக்கொண்டார். காலை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்றாள் ஜலஜா.

"எது?"

"பேப்பரை வெட்டினது யாருன்னு தெரியும். படத்தையும் பார்த்துட்டேன். எத்தனை நாளான்னு கேக்கறேன்."

"எட்டு நாள். அரிப்பு. ராத்திரி எரியறது." சுவரைப் பார்த்துச் சொன்னார். "வெளில தெரிஞ்சா நம்மாத்து வாசல்லயும் தகரம் அடிச்சுடுவா ஜலஜா. செக்ரட்டரி ஆத்துலயே தகரமான்னு நாலு பேர் சிரிப்பா."

"சிரிக்கட்டுமே. கால் அழுகிப்போனா என்ன பண்ணுவேள்?"

அடையாறில் தோல் மருத்துவராக இருக்கும் ஷ்ரேயா, ஜலஜாவிடம் பிளஸ் டூ படித்தவள். சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோவில் வந்தாள். ஜலஜா போனைக் காலுக்குப் பக்கத்தில் காட்டினாள்.

"மிஸ், இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க... ஓகே. சார், விரல அழுத்தினா வலிக்குதா? பாதம் சில்லுனு இருக்கா, சூடா இருக்கா? மிஸ், நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

எல்லாம் கேட்டுவிட்டு ஷ்ரேயா சொன்னாள்: "குளிர் நாட்டுல பனியில நடந்தா இப்படி வரும். மெட்ராஸ்ல அதுக்கு வழியே இல்ல. இந்த ரெண்டு மாசத்துல இந்த மாதிரி மூணு கால் பாத்துட்டேன். கொரோனாவாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது மிஸ், எங்களுக்கே இன்னும் சரியாப் புரியல. ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு பாக்கணும், சுகர் பாக்கணும், மூக்குல ஸ்வாப் எடுத்துடணும். ஆனா ஸ்வாப் நெகடிவ்னு வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. பெரும்பாலும் இது நோய் வந்து போனதுக்கு அப்புறம், ரெண்டு மூணு வாரம் கழிச்சுத் தலைகாட்டுது. சார், மே மாசத்துல உங்களுக்குக் காய்ச்சல், தொண்டை வலி, வாசனை தெரியாம போறது, ஏதாவது இருந்ததா?"

"ஒண்ணுமே இல்லை" என்றார் சுப்பராமன் உடனே.

அந்த உடனேதான் ஜலஜாவுக்கு உறுத்தியது.

வீடியோ அணைந்ததும் சுப்பராமனின் முகத்தில் தெளிவு வந்துவிட்டது. "கேட்டியா, ரெண்டு மூணு வாரம்! அந்தப் பீர் முஹம்மதுகிட்டேர்ந்துதான் வந்திருக்கு. சம்ப் மோட்டார் ரிப்பேர் ஆச்சே, நானும் அவரும் அந்தச் சின்ன ரூம்ல ஒரு மணி நேரம் நின்னோமே! பாவம்னு ஒத்தாசைக்குக் கூப்பிட்டது என் தப்பு."

வாசனை என்ற சொல் ஜலஜாவின் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவள் மொட்டைமாடிக்கு வடாம் எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது வீடு முழுக்கப் புகை. பாத்திரம் கரியாகியிருந்தது. அடுப்பிலிருந்து ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து சுப்பராமன் சுடோகு போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு மனுஷனுக்கு நாத்தம் கூடவா தெரியாது?" என்று அவள் கத்தினாள். கோபத்தில் அந்தப் பாத்திரத்தைப் படம் பிடித்துப் பெங்களூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பி, "உன் அத்திம்பேர் லட்சணம்" என்று எழுதியும் இருந்தாள்.

போனை எடுத்துத் தங்கைக்கு அனுப்பிய செய்திகளை மேலே மேலே தள்ளினாள். கரிப்பாத்திரம் வந்தது. மே பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.

பிறகு கட்டடத்தின் குழுவைத் திறந்தாள். "மோட்டார் சரிசெய்யப்பட்டது. உதவிய பீர் முஹம்மது அவர்களுக்கு நன்றி. செக்ரட்டரி." மே இருபத்தொன்று, வியாழக்கிழமை.

அவள் அதைப் பலமுறை பார்த்தாள். எத்தனை முறை பார்த்தாலும் பத்தொன்பது முன்னால்தான் வந்தது. பீர் முஹம்மதுவுக்குக் காய்ச்சல் வந்தது இருபத்தாறாம் தேதி.

"ஏன்னா, இங்க வந்து உக்காருங்கோ" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மோட்டார் ரூமுக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே உங்களுக்கு மூக்கு போயிடுத்து. அவர்கிட்டேர்ந்து உங்களுக்கு வரலே. எங்கேர்ந்து வந்தது? ஊரடங்கு போட்டதுலேர்ந்து நீங்க கேட்டைத் தாண்டலேன்னுதானே நான் நெனச்சுண்டிருக்கேன்?"

சுப்பராமன் போனில் இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தார். மறுக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மந்தைவெளில வெங்கடரமணன் ஆத்து மாடி" என்றார் கடைசியில். "நாலு பேர். சீட்டு. வாரத்துக்கு ரெண்டு நாள் மத்தியானம்."

"அசோசியேஷன் வேலைன்னு கீழ போவேளே, அதுவா?"

"பின்பக்கக் கேட்டு வழியாப் போயிட்டு வந்துடுவேன். பைத்தியம் பிடிச்சுடும் போல இருந்தது ஜலஜா. வெங்கடரமணனுக்கு நடுவுல ஜுரம் வந்தது. சாதாரண வைரல்னுதான் அவன் பையன் சொன்னான்."

"அதுக்கப்புறம் அவாத்துக்குப் போன் பண்ணினேளா?"

"பண்ணினேன். எடுக்கலே."

அவள் அப்போதே பண்ணினாள். வெங்கடரமணனின் மருமகள் எடுத்தாள். மாமனார் கொரோனாவோடு இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வந்தார் என்றும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார் என்றும் சொன்னாள். பெரிய விஷயத்தைக் கொட்டித் தீர்த்த ஆறுதல் அந்தப் பெண்ணின் குரலில் இருந்தது.

ஜலஜா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

"எங்க போறே?"

"கீழே."

"உனக்கென்ன பைத்தியமா? நிச்சயமாச் சொல்ல முடியாதுன்னு உன் ஸ்டூடண்டே சொன்னாளே! வீணா எதுக்கு..."

"பீர் முஹம்மதுன்னதும் உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சது? அன்னிக்கு எந்த டாக்டரைக் கேட்டேள்?"

கீழ்த்தளத்தில் கதவுச் சட்டத்தில் தகரம் அடித்த ஆணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. மணியை அடித்துவிட்டு ஜலஜா ஆறடி பின்னால் நகர்ந்து நின்றாள். கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. இடைவெளியில் குல்சும். முன்பெல்லாம் ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டு வந்து தருபவள். இந்த வருஷம் கொடுக்க முடியவில்லை, இவளும் கேட்கவில்லை.

"இன்னும் என்ன மாமி?" என்றாள் குல்சும். "எதாச்சும் கம்ப்ளெயிண்டா? நாங்க யாரும் வெளிய வரல. குப்பையக் கூட முருகையன் வந்து எடுத்துட்டுப் போறாரு."

"கம்ப்ளெயிண்ட் இல்லேம்மா. ஒரு விஷயம் சொல்லணும். பீர் முஹம்மதும் கேக்கணும்."

"அவங்க தூங்குறாங்க."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. குல்சும் அசையவில்லை. இவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று அந்தக் கண்கள் எடை போட்டன. அந்தப் பார்வையை ஜலஜாவால் குறை சொல்ல முடியவில்லை. அங்கேயே நின்று, சங்கிலி இடைவெளிக்குள்ளாக எல்லாவற்றையும் சொன்னாள்: கால்விரல், கரிந்த பால், மோட்டார் ரூம், மந்தைவெளி. நிச்சயம் என்று டாக்டர் சொல்லவில்லை என்பதையும் விடாமல் சொன்னாள்.

குல்சும் பல்லைக் கடித்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசினாள்.

"தூபாவ வேன்ல ஏத்தும்போது நீங்க பால்கனியில நின்னு பாத்தீங்க மாமி. நான் கூடப் போறேன்னு கெஞ்சுனேன், விடல. அந்தப் புள்ள மேல உங்கள அண்ணாந்து பாத்துச்சு. நீங்க உள்ள போயிட்டீங்க."

"போயிட்டேன்" என்றாள் ஜலஜா.

சங்கிலி விலகியது. விலக்கியது பீர் முஹம்மது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். கைகள் இரண்டும் மணிக்கட்டு வரை வெடித்து, வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தன.

ஜலஜா அதையே பார்ப்பதைக் கண்டு, "இது கொரோனா இல்ல மாமி, சோப்பு" என்றார். "ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவ கழுவுறேன். நிறுத்த முடியல." மூச்சு வாங்கியது. "அந்தத் தேதியக் காட்டுங்க."

அவள் போனை வாசற்படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவர் எடுத்துப் பார்த்தார். கரிப்பாத்திரத்தைப் பார்த்தார். நன்றி அறிவிப்பைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஒவ்வொரு கடையா நெனச்சுப் பாத்தேன். எந்தக் கடையில மாஸ்க்க எறக்குனேன், எந்தப் பில்லத் தொட்டுட்டுக் கண்ணக் கசக்குனேன்னு. என் கவனக்குறைவாலதான் பிள்ளைக்கு வந்துச்சுன்னு... மோட்டார் ரூம் நெனப்பே வரல. அன்னைக்கு சார் தொண்டையச் செருமிக்கிட்டே இருந்தாரு. வேர்வையில ரெண்டு பேருமே மாஸ்க்கக் கழட்டிட்டோம்." அழுகிறாரா இருமுகிறாரா என்று தெரியவில்லை. குல்சும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினாள்.

"மாமி" என்றாள் தலை நிமிராமல். "இத எங்ககிட்ட மட்டும் சொல்லி என்ன ஆவப்போவுது? சார் குரூப்புல போட்டாருல்ல, கிரவுண்ட் ஃப்ளோர் தயவுன்னு? அதே குரூப்புல போடச் சொல்லுங்க."

சுப்பராமன் மறுநாள் காலை பதினோரு மணி வரை மறுத்தார். பிறகு எழுதினார். முதலில் எழுதியது, "நம் கட்டடத்தில் தொற்று பரவிய விதம் குறித்துச் சில புதிய தகவல்கள் கிடைத்துள்ளன" என்று ஆரம்பித்தது. ஜலஜா அதை விடைத்தாள் திருத்துவதுபோல் அடித்தாள். "யாருக்குக் கிடைச்சது? எங்கேர்ந்து கிடைச்சது? நேராச் சொல்லுங்கோ." மூன்றாவது முறை ஐந்து வரி வந்தது. தான் ரகசியமாக வெளியே போய்வந்தது, மே பத்தொன்பதிலேயே வாசனை போனது, அதை வெளியே சொல்லாதது, பீர் முஹம்மது குடும்பத்தின் மேல் பழி போட்டது, மன்னிப்பு. அனுப்பிவிட்டுப் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

இந்த முறை ஒரு கட்டைவிரலும் உயரவில்லை. அரை மணி கழித்து மூன்றாவது மாடிக்காரர், லிஃப்டைக் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும் என்று எழுதினார். மாநகராட்சிக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. சாயங்காலமே ஆட்கள் வந்துவிட்டார்கள். ஸ்வாப் எடுத்தார்கள். ஷ்ரேயா சொன்னபடியே நெகடிவ் என்று வந்தது. தகரம் அடிக்கவில்லை. ரத்த ஓட்டத்திலும் குறையில்லை. விரல்களின் ஊதா மூன்று வாரத்தில் பழுப்பாகி, வெங்காயச் சருகு மாதிரித் தோல் உரிந்து போயிற்று. செக்ரட்டரி பதவியை மூன்றாவது மாடிக்காரர் எடுத்துக்கொண்டார். அவரும் தினம் ஒரு உத்தரவு போட்டார்.

ஆகஸ்டில், உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை தனியார் லேப்களில் வந்தது. ஷ்ரேயா சொல்லி இருவரும் கொடுத்தார்கள். சுப்பராமனுக்கு இருந்தது. ஜலஜாவுக்கும் இருந்தது. ஒரு தும்மல்கூட அவளுக்கு வந்ததில்லை.

"பார்த்தியா!" என்றார் சுப்பராமன். பல நாள் கழித்து அவர் குரலில் பழைய தெம்பு. "நீயும் காய்கறி வண்டிக்குப் போய்வந்துண்டுதானே இருந்தே? யார் யாருக்குக் கொடுத்தான்னு யார் கண்டா? உங்கிட்டேர்ந்தே எனக்கு வந்திருக்கலாம்."

ஜலஜா அறிக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மே மாதத்தில் ஒரு நாள் காய்கறி வண்டியில் குல்சுமும் அவளும் தோளோடு தோள் இடிக்கத் தக்காளி பொறுக்கியது ஞாபகம் வந்தது. எந்த நாள்? அதற்குப் படம் இல்லை, தேதி இல்லை.

அறிக்கையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பீர் முஹம்மது திரும்ப வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். பைக்கின் பின்னால் மருந்துப் பெட்டிகளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கையில் உறை மாட்டியிருந்தார். அவள் தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். நோய் தன் வழியாகவும் வந்திருக்கலாம், காய்கறி வண்டியிலிருந்தும் வந்திருக்கலாம், இப்போது ஒன்றும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றாள்.

அவர் தாளை வாங்கவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வேணாம் மாமி. அன்னைக்கு நீங்க வந்து சொன்னதுலேர்ந்துதான் நான் தூங்குறேன். இத உள்ள வந்து குல்சும்கிட்ட சொல்லாதீங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் வண்டியை உதைத்தார். முருகையன் கேட்டைத் திறந்துவிட்டான். உள்ளே ஜன்னல் திரை விலகி, தூபா யாருடன் அப்பா பேசினார் என்று எட்டிப் பார்த்தாள். ஜலஜா இந்த முறை நகராமல் நின்று, அவளைப் பார்த்துக் கை அசைத்தாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரையை இழுத்து விட்டாள்.